சாவியக்காவின் சுத்தம்

அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் சாவியக்கா. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி. சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். அந்தச் சத்தம் கேட்டாலே வராந்தாவில் ஓடுகிறவர்கள் நடக்க ஆரம்பிப்பார்கள்.

காலையில் ஏழு மணிக்கு முன்பே வந்து கேட்டைத் திறப்பதும், பத்து அறைகளைக் கூட்டித் துடைப்பதும், தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதும், பின்பக்கம் இருந்த நாலு கழிப்பறைகளைக் கழுவுவதும் அவள் வேலை. அதை வேலை மாதிரி அவள் செய்ததில்லை. யாரோ பந்தயம் கட்டியதுபோல் செய்வாள். தரையில் ஒரு மண் கால் பட்டால் அவள் முகத்தில் பட்டது மாதிரி சுருங்கிவிடுவாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீடு, பள்ளிக்கூடம், ஏழு வயது மகள் மூன்றையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போனாள். மகள் இரண்டாம் வகுப்பு. கறுப்பாக, சின்னதாக, வாய் மட்டும் காரமாகப் பிறந்ததால் அவளை எல்லாரும் மிளகு என்று கூப்பிட்டார்கள்.

மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்தாலும் அவளுக்கென்று ஒரு சலுகையும் கிடையாது. "இங்க நான் உனக்கு அம்மா இல்ல, சாவியக்கா" என்று சேர்த்த முதல் நாளே சொல்லிவிட்டாள். இதை அவளே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

அவள் கழிப்பறைகளைப் பூட்டின கதை மிளகு முதல் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்தது. ஒரு நாள் மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி நேராகப் பின்பக்கம் போய் பெண் பிள்ளைகளின் கழிப்பறையைத் திறந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் இடைவேளை முடிந்திருந்தது. இருநூற்றெண்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அந்த இடம் எப்படி இருக்கும்? ஆனால் அவர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. எல்லார் முன்னாலும் பெரிய டீச்சரைக் கேட்டார், பெரிய டீச்சர் எல்லார் முன்னாலும் சாவியக்காவைப் பார்த்தார்.

"இனிமே இந்தத் தரையில ஒரு சொட்டுத் தண்ணிகூட இருக்கக் கூடாதும்மா. நான் இன்னொரு தடவை தலை குனிய மாட்டேன்" என்றார் பெரிய டீச்சர்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மற்றதெல்லாம் சாவியக்காவின் சொந்த யோசனை.

ஒரு சொல் பொறுக்காத மனுஷி. அன்றைக்கே நாலு கதவுக்கும் பூட்டு வாங்கி வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து நிமிஷம் திறப்பாள். வாசலில் நின்றுகொண்டு, "ம், சீக்கிரம், சீக்கிரம், அடுத்தது யாரு" என்று விரட்டுவாள். மணி அடித்ததும் கழுவி, துடைத்து, பூட்டிவிடுவாள். நடுவில் யாருக்காவது முடியவில்லை என்றால் வகுப்பு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு இவளைத் தேடி வந்து சாவி கேட்க வேண்டும். இவள் முதலில் ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு, "ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" என்பாள். பிறகு, "சாப்பாட்டு நேரத்துல என்ன பண்ணினே?" என்பாள். மூன்றாவது கேள்விக்குள் பாதிப் பிள்ளைகள் "இல்லக்கா, வரல" என்று திரும்பிப் போய்விடும். வரலையா, சரி, அப்படியானால் அவசரம் இல்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

அடுத்த முறை வந்த அதிகாரி தரையில் தன் முகம் தெரிவதைப் பார்த்து அசந்துபோனார். பாராட்டிக் கடிதம் வந்தது. பெரிய டீச்சர் அதைச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டினார். கூட்டத்தில் சாவியக்காவை முன்னால் நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார். அன்றைக்கு அவள் வீடு போய்ச் சேர்ந்ததே தெரியாமல் நடந்தாள்.

மிளகுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. பிள்ளை என்றால் வயிறு வலிக்கும், பள்ளிக்கூடம் போகச் சொன்னால் இன்னும் நன்றாக வலிக்கும். தட்டில் போட்டதில் பாதி மிஞ்சியது. பிறகு ஒரு நாள் துணி துவைக்கும்போது ஜட்டியில் கறை. மறுநாளும். அதற்கு மறுநாளும்.

"என்னடி இது? ஏழு வயசாகுது, இன்னும் ஜட்டியிலயே போறியா?"

"தெரியலம்மா. எனக்கு வரலையே."

"வரலைன்னா இது எப்படி வந்துச்சு? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து போட்டுட்டுப் போனாங்களா?"

ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக்கொடுக்கிறவளின் மகள் இப்படி. அந்த அவமானம்தான் அவளுக்கு முன்னால் நின்றது, பிள்ளை பின்னால் போய்விட்டாள். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மெடிக்கலில் கேட்டு, பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். பழம் கொடுப்பதை நிறுத்தினாள், வயிறு இளகுமே என்று. ஒரு வாரம் கறை குறைந்த மாதிரி இருந்தது. பிறகு முன்னைவிட மோசமாக வந்தது. வகுப்பில் மிளகின் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று ஒரு பெண் அழுததாக டீச்சர் சொல்லி அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சாவியக்கா பின்னால் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. குழாயடியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கறைபட்ட துணியை மகள் கையில் கொடுத்து, "நீயே துவை. எல்லாரும் பாக்கட்டும். அப்பதான் புத்தி வரும்" என்றாள். மிளகு துவைத்தாள். சோப்பை வழுக்கவிட்டு எடுத்தபோது, இன்னும் கறை போகவில்லை என்று சாவியக்கா அவள் முதுகில் ஈரக் கையால் ஒன்று வைத்தாள். ஈரக் கை என்பதால் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிள்ளை அழவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுகிற மிளகு அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலு நாள் கழித்து வகுப்பில் வாந்தி எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். சாவியக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தைகள் டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் வயதான அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மிளகைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே ஒரு இடத்தில் விரலை நிறுத்தி, "உங்க கையைக் கொடுங்க, இங்க வைங்க" என்றார். சாவியக்கா வைத்தாள். தோலுக்கு உள்ளே கல் அடுக்கியது போல் இருந்தது.

"கட்டியா டாக்டர்?"

"பயப்படாதீங்க. எல்லாம் மலம்தான். எத்தனை வாரமா சேர்ந்திருக்கோ."

"ஆனா இவளுக்குப் பேதி ஆகுதே? தினமும் ஜட்டியில..."

"அது பேதி இல்லம்மா. உள்ள கல்லு மாதிரி அடைச்சிருக்கு. மேல இருந்து வர்ற தண்ணி அதைச் சுத்திக் கசிஞ்சு வருது. அடைச்ச சாக்கடையில ஓரமாத் தண்ணி வழியுமே, அந்த மாதிரி. அடக்கி அடக்கிக் குடல் விரிஞ்சுபோயிடும். அப்புறம் வர்ற உணர்ச்சியே பிள்ளைக்குத் தெரியாது. அவளா பண்ணல. அவளுக்கு வர்றதே தெரியாது."

தெரியலம்மா, எனக்கு வரலையே. குழாயடியில் நின்ற பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்தன.

"மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?"

மாத்திரையின் பெயரைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அடைச்சதுக்கு மேல இன்னொரு அடைப்பு போட்டிருக்கீங்க. சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் கடையில கேட்டுக் கொடுக்கவே கூடாதும்மா." திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

டாக்டர் நாற்காலியை மிளகின் பக்கம் திருப்பினார். "சரி கண்ணு, காலையில வீட்ல போவியா?"

"நேரம் இருக்காது. அம்மா வேலைக்குச் சீக்கிரம் போகணும்."

"ஸ்கூல்ல போவியா?"

"மாட்டேன்."

"ஏன்? அழுக்கா இருக்குமா?"

"இல்ல. ரொம்ப சுத்தமா இருக்கும்." மிளகு சுவரைப் பார்த்தாள். "பூட்டியிருக்கும்."

"பூட்டியிருக்குமா? யாரு பூட்டுவா?"

சாவியக்காவின் இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. அவள் அசையவில்லை. அசைந்தால் சத்தம் கேட்கும்.

மிளகு அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "தெரியாது" என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வாரத்துல இது மூணாவது பிள்ளை எனக்கு. யாரோ அறிவுகெட்ட ஜென்மம், பிள்ளைங்க போற இடத்தைப் பூட்டி வெச்சா என்ன ஆகும்னு யோசிக்க வேண்டாம்? நீங்க சும்மா இருக்காதீங்கம்மா. நேராப் போய் நறுக்குன்னு கேளுங்க. சண்டை போடுங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள் சாவியக்கா.

மருந்து எளிமையானதுதான். தண்ணீரில் கலந்து குடிக்கிற ஒரு பொடி. முதல் சில நாள் அதிக அளவு, அடைத்ததெல்லாம் இளகி வெளியேறும் வரை. அந்த நாட்களில் பள்ளிக்கூடம் வேண்டாம். அதன் பிறகு தினமும் கொஞ்சம், குறைந்தது ஆறு மாதம். "நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. விரிஞ்ச குடல் பழையபடி சுருங்க நாளாகும்" என்றார் டாக்டர். காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் உட்கார வேண்டும், கால் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றி. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உட்கார்ந்ததற்கே ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். தண்ணீர், பழம், கீரை. "எல்லாத்தையும்விட முக்கியம், கறை பட்டா திட்டக் கூடாது. ஒரு வார்த்தைகூட. நீங்க திட்டுற ஆள் மாதிரி தெரியல, இருந்தாலும் சொல்றேன்."

வீட்டுக்கு வரும் வழியில் சாவியக்கா கேட்டாள்: "ஏன்டி டாக்டர்கிட்ட தெரியாதுன்னே?"

"உன்னைத் திட்டுவாங்கல்ல" என்றாள் மிளகு. இதென்ன கேள்வி என்பது மாதிரி.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் சாவியக்காவுக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. பூட்டுப் போட்ட புதிதில் ஒரு தடவை மிளகு சாவி கேட்டு வந்திருந்தாள். கூட இன்னும் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றே குரலை உயர்த்தி, "அம்மாங்கறதால உனக்குத் தனிச் சட்டமா? மத்தியானம் வரைக்கும் அடக்கு" என்று அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. மகள் பழகிவிட்டாள் என்று இவள் சந்தோஷப்பட்டாள். தெருவென்றும் பாராமல் மகளை இறக்கிவிட்டு, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அம்மா தப்புப் பண்ணிட்டேன்டி" என்றாள். மிளகு அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "பரவால்லம்மா, எந்திரி, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

மகளுக்காக நாலு நாள் லீவு போட்டுவிட்டு ஐந்தாம் நாள் வேலைக்குப் போனவள் நாலு பூட்டையும் கழற்றினாள். பத்து மணிக்குப் பெரிய டீச்சர் பின்பக்கம் வந்து பார்த்தார். கதவெல்லாம் திறந்து கிடந்தது, தரை ஈரம், ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது.

"என்னம்மா இது கோலம்? அடுத்த மாசம் திரும்பச் சோதனைக்கு வர்றாங்க, தெரியுமில்ல?"

"வரட்டும் டீச்சர். நான் இனிமே பூட்ட மாட்டேன். என் பொண்ணு வயிறு கல்லாப் போச்சு. டாக்டர்கிட்ட ஒரே வாரத்துல மூணு பிள்ளைங்க போயிருக்கு. எல்லாம் நம்ம பிள்ளைங்களாத்தான் இருக்கும்."

பெரிய டீச்சரின் முகம் மாறியது. நல்ல மனுஷிதான், ஆனால் பயந்த மனுஷி. "நான் சுத்தமா வெச்சுக்கோன்னுதானே சொன்னேன். பூட்டச் சொல்லலியே?" என்றார்.

அது நிஜம். யாரும் அவளைப் பூட்டச் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் பெரிய டீச்சர் மேல், அந்த அதிகாரி மேல், சட்டம் போட்ட கடிதத்தின் மேல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பழியைப் பங்குபோட்டு வைத்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாப் பங்கும் அவளிடமே திரும்பி வந்துவிட்டது. "ஆமா டீச்சர், நான்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவினாள். கொஞ்ச நாளில் முழங்கால் போய்விட்டது. சோதனைக்கு வந்தவர் "ஈரமாக உள்ளது" என்று எழுதிவிட்டுப் போனார். பெரிய டீச்சர் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. சாவியக்காவுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது.

முந்தின வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தையல்காரி மகள், ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு வருவாள். பெஞ்சிலேயே இரண்டு மூன்று தடவை சிறுநீர் போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பெஞ்சைத் துடைத்துக்கொண்டே சாவியக்கா எல்லார் காதிலும் விழும்படி, "வளர்ப்பு சரியில்ல" என்றாள். பிறகு அந்தப் பிள்ளை தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டது என்றும், கடும் காய்ச்சல் வந்தது என்றும், சிறுநீரில் கிருமி என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது என்றும் காதில் விழுந்தது. அதன் பிறகு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாவது ஞாயிறு உள்ளே போனாள்.

முன்அறையிலேயே தையல் மெஷின். தையல்காரி சிரித்த முகமாக, "வாங்க வாங்க, துணி தைக்கவா?" என்று எழுந்து கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். கையைத் தூக்கச் சொன்னாள், சாவியக்கா தூக்கினாள். திரும்பச் சொன்னாள், திரும்பினாள். தோள் அளவு எடுத்து எழுதிய பிறகு, "துணி எங்க?" என்று தையல்காரி கேட்டபோதுதான் கொண்டுவரவில்லை என்பது தெரிந்தது.

"துணிக்கு வரலக்கா" என்றாள் சாவியக்கா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டியது, சாவி கேட்டு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது, பெஞ்சைத் துடைத்தபோது சொன்னது, தன் மகளுக்கு வந்தது.

தையல்காரி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு நூல் துண்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நான் அவளை அடிச்சேன்" என்றாள் கடைசியில். "ஒவ்வொரு தடவையும் நனைச்சுட்டு வரும்போது அடிச்சேன். ராத்திரி தண்ணி குடிக்காதேன்னு செம்பைப் பிடுங்கி வெச்சேன். அந்தப் பழி எனக்குப் போதும். இதை எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க? சொல்லிட்டா உங்க மனசு லேசாயிடும், அதுக்குத்தானே?"

இல்லை என்று சொல்ல சாவியக்கா வாயெடுத்தாள். உண்மை அதுதான் என்பதால் மூடிக்கொண்டாள்.

"வந்தது வந்துட்டீங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்ட சொல்லிட்டுப் போங்க." தையல்காரி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

ரெட்டைச் சடை வெளியே வந்தாள். வளர்ந்திருந்தாள். சாவியக்காவைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்து, சொந்த வீட்டில், சொந்த அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் அந்தப் பிள்ளை பயந்தது. அதைப் பார்த்ததும் சாவியக்கா அங்கேயே தரையில் குந்தினாள்.

"கண்ணு, உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பூட்டி வெச்சேன். அது என் தப்பு. உன்னை எல்லார் முன்னாடியும் சொன்னதும் என் தப்பு" என்றாள்.

பிள்ளை யோசித்தது. "இப்ப திறந்திருக்கா?"

"திறந்திருக்கு. நாள் முழுக்க."

"எங்க புது ஸ்கூல்லயும் திறந்துதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. தையல்காரி வாசல் வரை வந்தாள். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். மன்னித்த மாதிரியும் இல்லை, துரத்தின மாதிரியும் இல்லை. சாவியக்காவுக்கு மனசு லேசாகவும் இல்லை.

மிளகுக்கு எட்டு மாதம் பிடித்தது. முதல் மாதத்திலேயே வலி நின்றது, பசி வந்தது, எதிர்ப்பேச்சும் திரும்பி வந்தது. கறை மட்டும் உடனே போகவில்லை. மூன்று நாள் இல்லாமல் இருந்து நாலாம் நாள் வரும். அப்போதெல்லாம் சாவியக்கா ஒன்றும் பேசாமல் துணியை வாங்கி, குழாயடிக்கு எடுத்துப் போகாமல் உள்ளேயே துவைத்தாள். நடுவில் ஒரு தடவை வீட்டுக்கு வந்த புருஷன், "அதான் நல்லாயிட்டாளே, எதுக்கு இன்னும் மருந்து? பழகிடப் போகுது" என்றான். "டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் உங்க வண்டியை நீங்க ஓட்டுங்க, இவ வயித்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். காலையில் அரை மணி முன்னதாக எழுந்தார்கள். மிளகு பலகையில் காலை ஊன்றி உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பாள். அம்மா வெளியே நின்று தப்பைத் திருத்துவாள். ஏழாம் வாய்ப்பாடு முழுக்க அங்கேயே படித்து முடித்தாள். நட்சத்திரம் ஒட்டின காகிதம் சுவரில் மூன்று முழம் நீண்டது. பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் நிறுத்தினார் டாக்டர். பூட்டியது யார் என்று அவரிடம் சாவியக்கா கடைசி வரை சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும் என்று போவாள். "உங்களை மாதிரி ஒழுங்கா மருந்து கொடுக்கற அம்மாவைப் பாத்ததில்ல" என்று அவர் சொல்வார். இவள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள்.

இப்போது மிளகுக்குப் பதினாறு வயது. பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வயிற்றில் ஒரு குறையும் இல்லை. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறாள். அம்மாவுக்கும் மகளுக்கும் எல்லா வீட்டையும் போலச் சண்டை வருகிறது, படிப்புக்கு, போனுக்கு, லேட்டாக வந்ததற்கு. ஆனால் சண்டை பாதியில் நின்றுவிடுகிறது. குரல் உயர ஆரம்பிக்கும்போதே சாவியக்காவுக்கு அந்தக் குழாயடி ஞாபகம் வந்துவிடுகிறது. ஆரம்பித்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

போன வாரம்கூட அப்படித்தான். சினேகிதி வீட்டுக்குப் போய்விட்டுச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்தாள் மகள். "மணி என்ன ஆச்சு? உனக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மிளகு பின்னாலேயே வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"அம்மா, திட்டணும்னா முழுசாத் திட்டிடும்மா. இப்படிப் பாதியில விட்டுட்டுப் போனா எனக்குத்தான் பயமா இருக்கு. மீதி என்னவா இருக்கும்னு யோசிச்சே தலை வலிக்குது."

சாவியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீதி ஒண்ணும் இல்ல. கை கழுவிட்டு வா, சாப்பிடு" என்றாள்.